வசந்தாவின் ஆர்க்கிட் செடிகளும் நான் படித்துக் காட்டிய மனுவும்

1

வசந்தா போய் ஒரு வருஷம் ஆகிறது. என் மனைவி ஜன்னலோரம் விட்டுப்போன பதினோரு ஆர்க்கிட்டுகளில் ஏழு செடிகளை நான் கொன்றுவிட்டேன். கவனிக்காமல் விட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். கவனித்துக் கவனித்தே கொன்றேன்.

தினமும் காலையில் காப்பி போட்டதும் ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு டம்ளர் தண்ணீர். மன்னார்குடிக்குக் கிழக்கே பிறந்தவனுக்கு வேறு எப்படித் தோன்றும்? எங்கள் பக்கத்தில் பயிர் என்றால் அதன் கால் தண்ணீரில் இருக்க வேண்டும். நாற்றைப் பறித்து, வேரிலிருக்கும் சேற்றை அலசி, முடிச்சாகக் கட்டிக் கொண்டுபோய், குழம்பாக உழுத வயலில் ஊன்றினால் சில நாளில் பச்சை பிடித்துவிடும். வாடினால் மடையைத் திறக்க வேண்டியதுதான். வசந்தாவின் செடிகள் வாடின. நான் இன்னொரு டம்ளர் ஊற்றினேன். வேர் அழுகிப்போன செடியால் தண்ணீர் குடிக்க முடியாது, அதனால்தான் இலை துவள்கிறது என்பது எனக்குத் தெரியவில்லை. தாகம் என்று நினைத்து மேலும் மேலும் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

இதில் வெட்கப்பட வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. நான் ஹாலந்துக்கு வந்ததே தண்ணீரைப் பற்றிப் படிக்கத்தான். படித்து முடித்து முப்பத்து நாலு வருஷம் இந்த நாட்டின் நீர் நிர்வாக அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தேன். வேலை என்னவென்றால், கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் வயல்களிலிருந்து தண்ணீரை வெளியேற்றுவது. ஊருக்கெல்லாம் வடிகால் வெட்டியவன் வீட்டு ஜன்னலில் வெள்ளச் சேதம்.

வேர் என்ற சொல்லைக் கண்டால் போதும், வெளிநாட்டுத் தமிழர்கள் பேனாவைத் திறந்துவிடுவார்கள். தமிழ்ச் சங்க ஆண்டு மலர்களில் வருஷத்துக்கு நாலு கவிதையாவது வேரைப் பற்றி இருக்கும். நான் அவற்றைப் படித்துச் சிரிப்பவன். டச்சு மொழியில் வேருக்கும் காரட்டுக்கும் ஒரே சொல். வந்த புதிதில் பக்கத்து வீட்டுக்காரர் என் ரோஜாச் செடியைப் பார்த்து, வேரைத் தொந்தரவு செய்யாதே என்று சொன்னபோது, நான் காரட் போடவே இல்லையே என்று பதில் சொன்னேன். வசந்தா அதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். ஆகையால் இது வேரைப் பற்றிய கவிதை இல்லை. செடிகளைச் சாகடித்ததற்காக மட்டும் எழுத உட்காரவும் இல்லை.

வாலிப வயதில், எழுதப் படிக்கத் தெரியாத ஒருவருக்கு நான் ஒரு மனுவைப் பொய்யாகப் படித்துக் காட்டினேன். அவருடைய நிலம் போயிற்று. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நாற்பத்தோரு வருஷம் கூட வாழ்ந்த வசந்தாவிடம்கூடச் சொல்லவில்லை. ஊரில் இருப்பவர்கள் படிக்கும் பத்திரிகைக்கு எழுதுகிறேன் என்பதால், முதலிலேயே சொல்லிவிட்டுப் பிறகு மற்றதைச் சொல்கிறேன்.

2

அந்த ஞாபகத்தைக் கிளப்பியது ஒரு பத்திரப் பதிவு. வீட்டில் வசந்தாவுக்கு இருந்த பங்கை மகள் மீராவின் பெயருக்கு மாற்றுவதற்காகப் போன மாதம் போயிருந்தோம். இந்த ஊரில் செத்தவர்களுக்கு வரும் தபால் உயிரோடு இருப்பவர்களுக்கு வருவதைவிட அதிகம். வசந்தாவின் பெயருக்குக் கண் பரிசோதனைக்கு வரச்சொல்லி ஒரு கடிதம், அவள் இறந்ததை உறுதி செய்யும்படி அவளுக்கே எழுதிய இன்னொரு கடிதம். எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போனேன்.

பத்திரம் எழுதும் வக்கீல் அம்மாள் எங்களை உட்காரவைத்துப் பத்திரத்தைச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார். எனக்கு டச்சு தெரியும், நேரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் என் கன்னத்தின் நிறமும் பேச்சின் உச்சரிப்பும் எடை போடப்பட்டன. கோபம் வந்தது. "உங்களுக்குத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. கையெழுத்துப் போடுகிறவருக்கு எதில் போடுகிறோம் என்று விளங்கவைக்க வேண்டியது என் பொறுப்பு" என்றார். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் நிறுத்தி, விளங்கியதா என்று கேட்டார். மூன்றாவது தடவை கேட்டபோது நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தேன். அம்மா நினைப்பு வந்துவிட்டது போலிருக்கிறது என்று மீரா என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். நானும் ஆமாம் என்று தலையசைத்தேன்.

3

மிச்சமிருந்த நாலு செடிகளையாவது காப்பாற்ற வேண்டும் என்று தேடியபோது, எங்கள் பேட்டையின் சமூகக் கூடத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். உங்கள் ஆர்க்கிட்டைக் கொண்டுவாருங்கள், தொட்டி மாற்றித் தருகிறோம் என்று. சனிக்கிழமை காலை, இருப்பதில் மோசமான ஒன்றைத் துண்டில் சுற்றி எடுத்துப் போனேன்.

மேஜைக்குப் பின்னால் கையுறை போட்டுக்கொண்டு ஒரு பெண் நின்றாள். முப்பது வயது இருக்கலாம். என் பெயரைக் காகிதத்தில் எழுதிக்கொண்டே நிமிர்ந்து, "தமிழா சார்?" என்றாள். நான் ஆமாம் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. பெயர் எழிலரசி. இங்கே பல்கலைக்கழகத்தில் ஆர்க்கிட் வேர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாளாம்.

தொட்டியைக் கவிழ்த்துத் தட்டினாள். செடி வந்தது, கூடவே ஒரு நாற்றம். சாக்கடையை நெருங்கும்போது வருமே, அந்த மாதிரி. அவள் முகம் சுளிக்கவில்லை. ஒவ்வொரு வேராக இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"இங்க பாருங்க சார். கெட்டியா இருந்தா உசுரோட இருக்குன்னு அர்த்தம். இந்த மாதிரி பிசுபிசுன்னு தோல் கழண்டு, நடுவுல நார் மட்டும் நின்னா செத்துப்போச்சு. எத்தன நாளைக்கு ஒரு தடவ தண்ணி ஊத்துனீங்க?"

"தினமும்மா."

அவள் சிரித்துவிட்டாள். "நம்ம ஊர்க்காரங்க எல்லாரும் இதத்தான் செய்யறாங்க. இது சேத்துல வளர்ற செடியே இல்ல சார். மரத்து மேல ஒட்டிக்கிட்டு, வேரக் காத்துல தொங்கவிட்டுக்கிட்டு இருக்கறது. வேர் மூச்சு விடணும். காய்ச்சலும் பாய்ச்சலுமா குடுக்கணும்."

காய்ச்சலும் பாய்ச்சலும். தண்ணீர் கட்டிவிட்டு, நிலம் காயவிட்டு, மறுபடி கட்டுவது. எள்ளுக்கும் உளுந்துக்கும் வாழைக்கும் எங்கள் பக்கத்தில் சொல்வது. அந்தச் சொல்லைக் காதால் கேட்டு எத்தனை வருஷம். சந்தோஷத்தில் எனக்கு நிதானம் போய்விட்டது. நம் ஆட்கள் கேட்கும் கேள்வியைக் கேட்டேன்.

"எந்த ஊரும்மா நீ?"

"மன்னார்குடி பக்கம் சார்."

"பக்கம்னா?"

அவள் சொன்னது எங்கள் ஊரின் பெயர். அந்த ஊரிலிருந்து ஒரு பெண் ஹாலந்தில் என் எதிரே நின்று வேரை நறுக்கிக்கொண்டிருக்கிறாள். அந்த நிமிஷத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அடுத்ததையும் கேட்டேன்.

"எந்தத் தெரு?"

கிராமத்தில் பிறக்காதவர்களுக்கு இது சாதாரணக் கேள்வி. எங்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். ஐம்பது வருஷம் இந்த நாட்டில் இருந்து, தண்ணீருக்கும் காற்றுக்கும் கணக்குப் போட்டு, தேர்தலில் ஓட்டுப் போட்டு, சமத்துவம் பற்றி டச்சுக்காரர்களுக்கு வகுப்பெடுத்துவிட்டு, நான் ஒரு பெண்ணின் சாதியைத்தான் கேட்டேன். கத்தரிக்கோல் ஒரு கணம் நின்றது.

"கீழத்தெருங்க" என்றாள். அதுவரை சார் போட்டவள் அதைச் சொல்லும்போது மட்டும் சார் போடாமல் நேராக என் கண்ணைப் பார்த்தாள். "காத்தமுத்துன்னு சொல்வாங்க, எங்க தாத்தா. நீங்க எந்த ஊர் சார்?"

"மன்னார்குடிதாம்மா. டவுன்" என்றேன்.

செத்ததையெல்லாம் நறுக்கியபின் மூன்று வேர்தான் மிஞ்சின. வெட்டுப்பட்ட இடங்களில் பட்டைத் தூள் தடவினாள், நாம் பிரியாணிக்குப் போடுவதுதான். பூஞ்சை பிடிக்காமல் இருக்குமாம். மரச் சில்லுகளை நிரப்பி, ஓட்டை போட்ட கண்ணாடி மாதிரித் தொட்டியில் வைத்தாள். ஒரு வாரம் தண்ணீர் காட்டாதீர்கள், வெட்டு ஆறட்டும் என்றாள். வீட்டில் இன்னும் மூன்று செடிகள் இருப்பதைச் சொன்னதும், அடுத்த சனிக்கிழமை தானே வந்து பார்ப்பதாக விலாசம் வாங்கிக்கொண்டாள்.

4

காத்தமுத்து எங்கள் நிலத்தில் ஐந்து மாவைக் குத்தகைக்குச் சாகுபடி செய்தவர். ஐந்து மா என்றால் ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. இப்போது அவர் என்று எழுதுகிறேன். அப்போது எனக்கு இருபத்தோரு வயது, அவருக்கு முப்பத்தைந்துக்கு மேல். வா, போ என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னைச் சின்னய்யா என்பார்.

ஆட்சி மாறியிருந்த காலம். சுவருக்குச் சுவர் உழுபவனுக்கே நிலம் என்று எழுதியிருக்கும். கூலிக்காகப் போராட்டம், அறுப்பு நேரத்தில் வெளியூர் ஆளைக் கொண்டுவந்து இறக்குவது, வரப்பில் கொடி நடுவது, போலீஸ் வண்டி என்று ஒவ்வொரு அறுவடையும் ஒரு சண்டையாக இருந்தது. அப்போது குத்தகைதாரர்களின் பெயரை அரசாங்கப் பதிவேட்டில் ஏற்றும் சட்டம் வந்தது. பெயர் ஏறிவிட்டால் ஆளை லேசில் வெளியேற்ற முடியாது, நிலத்தை நல்ல விலைக்கு விற்கவும் முடியாது. மிராசுதார் வீடுகளில் பழைய குத்தகைச் சீட்டுகளான முச்சலிக்காக்களைத் தேடி எடுத்துக் கிழித்தார்கள். எங்கள் வீட்டில் கிழிக்க ஒன்றுமில்லை. காத்தமுத்துவின் குத்தகை பன்னிரண்டு வருஷமாக வாய்ப்பேச்சில்தான் ஓடியது.

நான் கல்லூரிப் படிப்பு முடித்து விடுமுறையில் இருந்தேன். ஹாலந்தில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அந்த ஐந்து மாவை விற்றுத்தான் அனுப்ப வேண்டும் என்று அப்பா முடிவு செய்திருந்தார். அது காத்தமுத்துவுக்குத் தெரியாது.

ஒருநாள் மத்தியானம் வாய்க்கால் மதகடியில் என்னை மறித்தார். "சின்னய்யா, பேரு ஏத்தறதுக்கு மனு எழுதணுமாம். கணக்குப்பிள்ளைகிட்ட போனா ஐயாகிட்ட சொல்லிடுவாரு. நீங்க எழுதிக் குடுங்க. ஐயாவுக்குத் தெரிய வேணாம்."

எனக்கு முன்னே அவர் எத்தனையோ பேரை நினைத்துப் பார்த்திருப்பார். அவர்களையெல்லாம் விட்டுவிட்டு என்னிடம் வந்தார். நான் சரி என்றேன். சரி என்று சொன்னபோது எழுதிக் கொடுக்கத்தான் நினைத்தேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருகிறேன். வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

அப்பா கத்தவில்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, அவர் சொல்லச் சொல்ல என்னை எழுத வைத்தார். உடல் நலக்குறைவால் சாகுபடி செய்ய இயலாததால், மேற்படி நிலத்தை என் சுயவிருப்பத்தின்பேரில், யாருடைய தூண்டுதலுமின்றி, உரிமையாளரிடம் ஒப்படைத்துவிட்டேன், எனக்கு இனி எவ்விதப் பாத்தியமும் இல்லை. "கைநாட்டு வாங்கிட்டு வா. எப்படி வாங்குறேங்கறது எனக்குத் தெரிய வேண்டாம்" என்றார்.

அப்பாமேல் பழியைப் போட்டுத் தப்பிக்கும் வழி இந்த இடத்தில் அடைபடுகிறது. காகிதத்தில் இருந்தது அவர் வாசகம். வேறு மாதிரி படித்துக் காட்டும் யோசனை என்னுடையது.

மறுநாள் மதகுக் கட்டையில் உட்கார்ந்து படித்தேன். கண் காகிதத்தில் ஒவ்வொரு வரியாக ஓடியது, வாய் வேறு ஒன்றைச் சொன்னது. பன்னிரண்டு வருஷமாக உழுது பயிரிட்டு வருவதாகவும், பெயரைப் பதிவு செய்து உதவும்படியும் அந்த இடத்திலேயே ஒரு மனுவை வாயால் கட்டினேன். நாக்கு தடுமாறவே இல்லை. காத்தமுத்து கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். "ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க" என்றார். கட்டைவிரலில் மையை நான்தான் தடவினேன். கைநாட்டு வைத்த காகிதத்தை, மனு என்று அவரிடமே கொடுத்தேன்.

பதிவு அதிகாரி சாவடிக்கு வந்த அன்று, அந்தக் காகிதத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காத்தமுத்துவே தன் கையால் கொடுத்தார். அதிகாரி சத்தமாகப் படித்தார். சுயவிருப்பத்தின்பேரில் என்ற இடம் வந்ததும் காத்தமுத்து திரும்பி, அப்பாவுக்குப் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"இது ஒன்னோட கைநாட்டுதானே?"

"ஆமாங்க."

"படிச்சுக் காட்டினாங்களா?"

"காட்டினாங்க."

அவ்வளவுதான். சின்னய்யா படித்தது வேறு என்று அவர் சொல்லியிருந்தால், அந்த அதிகாரி நல்லவராகத்தான் தெரிந்தார், விசாரித்திருப்பார். ஏன் சொல்லவில்லை என்பது எனக்குப் புரியவே இல்லை. சித்திரையில் நிலம் கைமாறியது. ஆவணியில் நான் விமானம் ஏறினேன்.

5

எழிலரசி சொன்னபடி வந்தாள். சமையலறை மேஜையில் செய்தித்தாளை விரித்து, கத்தரிக்கோலை அடுப்பு நெருப்பில் காட்டி ஆறவைத்தாள். ஒரு செடியின் நோய் அடுத்ததற்குப் போய்விடக்கூடாதாம். தொட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வேர்களை நான் அசிங்கமாக இருக்கிறது என்று வெட்டிவிட்டிருந்தேன். அதைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இதுதான் சார் நல்லா இருந்த வேரு. உள்ள இருந்ததெல்லாம் அழுகிடுச்சு, வெளிய வந்து தப்பிச்சதயும் வெட்டிட்டீங்களே."

"தெரியலம்மா" என்றேன்.

வேர் வெள்ளி நிறமாக இருந்தால் தண்ணீர் கேட்கிறது, பச்சையாக இருந்தால் குடித்திருக்கிறது. தொட்டியோடு கால் மணி நேரம் ஊறவைத்து, ஒரு சொட்டுகூடத் தங்காமல் வடியவிட வேண்டும். இலைக் குருத்தில் தண்ணீர் நின்றால் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். மரச் சில்லு மக்க ஆரம்பித்தால், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, பூ உதிர்ந்த பிறகு தொட்டி மாற்ற வேண்டும். வசந்தா ஞாயிற்றுக்கிழமை தோறும் குளியலறையில் வரிசையாக அடுக்கி இதைத்தான் செய்துகொண்டிருந்தாள். நான் கூடத்தில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலையில் இருந்தபடியே அவள் தன் கதையைச் சொன்னாள். கோயம்புத்தூரில் படித்தபோது நெல் வேரைத்தான் எடுத்தாளாம், இங்கே ஆர்க்கிட்டுக்குத்தான் இடம் கிடைத்ததாம். நெல் ஏன் என்று கேட்டேன்.

"தாத்தா எப்பவும் அந்த அஞ்சு மாவப் பத்தியே பேசுவாரு சார். எந்த மூலைல தண்ணி நிக்கும், எங்க மண்ணு இளக்கம்னு. அது கைவிட்டுப் போச்சு. மிராசு வீட்டுப் பையன் ஒருத்தரு மனு எழுதித் தர்றேன்னு சொல்லி, வேற எதையோ எழுதிக் கைநாட்டு வாங்கிட்டாரு."

செடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். விடவும் முடியவில்லை.

"அது போனதாலதான் தாத்தா வைராக்கியமா எங்க அப்பாவப் படிக்க வச்சாரு, அதனாலதான் நம்ம குடும்பம் மேல வந்துச்சுன்னு எங்க சொந்தத்துல பெருமையா சொல்வாங்க."

என் மனம் அதைப் பிடித்துக்கொண்டு ஒரு நொடி மேலே வந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன், நிம்மதியாக இருந்தது.

"எனக்கு அந்தக் கதையே பிடிக்காது சார்" என்றாள் எழிலரசி. "அப்பா பள்ளிக்கூடம் போறதுக்காக அத்தைங்க ரெண்டு பேரும் நடவுக்குப் போனாங்க. ரெண்டு பேருக்கும் இன்னிக்கும் கையெழுத்துப் போடத் தெரியாது. நிலம் இருந்திருந்தா மூணு பேரும் படிச்சிருப்பாங்க."

பிடித்த செடியை விடாமலே நான் கேட்டேன். "உங்க தாத்தா ஆபீசர்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா? அந்தப் பையன் வேற படிச்சான்னு."

"அப்பாவும் அதத்தான் கேட்டிருக்காரு. தாத்தா சொன்னாராம், நான் சொன்னா அந்தப் பையன் என்ன பண்ணுவான், இல்லவே இல்லன்னு எல்லார் முன்னாடியும் இன்னொரு பொய் சொல்லுவான். அந்தப் புள்ள வாயால இன்னொரு பொய்யக் கேக்கத் தெம்பில்லடா, விட்டுட்டேன்னு." அவள் தொட்டியை மேஜையில் லேசாகத் தட்டிச் சில்லுகளை இறக்கினாள். "தாத்தா போயி ஒம்போது வருஷமாச்சு."

அவருக்குக் கேட்கத் தெம்பில்லாத அந்த இரண்டாவது பொய்யை, மன்னார்குடி டவுன் என்று, நான் அவர் பேத்தியிடம் சொல்லி ஒரு வாரம் ஆகியிருந்தது. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அவளுக்குக் காப்பி கொடுத்து வழியனுப்பினேன்.

6

மீராவைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன், டச்சில். அவளுக்குத் தமிழ் கேட்டால் பாதி புரியும், படிக்க வராது. சின்ன வயதில் சனிக்கிழமை வகுப்புக்கு அனுப்பினோம், நீச்சலும் அதே நேரத்தில் இருந்தது, நீச்சல் ஜெயித்தது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "அப்பா, நீங்கள் அப்போது சின்னப் பையன். உங்கள் அப்பா சொன்னதைச் செய்தீர்கள். ஐம்பது வருஷம் ஆகிவிட்டது" என்றாள். அன்போடுதான் சொன்னாள். அத்தனை சுலபமாக என்னை விடுதலை செய்துவிட்டாளே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. டச்சில் சொன்னபோது அது யாரோ ஒருவர் செய்த காரியம் மாதிரிதான் இருந்தது. சின்னய்யா என்பதற்கு அந்த மொழியில் ஒரு சொல்லும் கிடைக்கவில்லை.

அதனால் தமிழில் எழுத உட்கார்ந்தேன். நான்கு நாளாயிற்று. என் மகளால் இதைப் படிக்க முடியாது. படித்துக் காட்டத்தான் வேண்டும், நான் என்ன படித்தாலும் நம்புவாள். எழிலரசி சனிக்கிழமை செடிகளைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறாள். பத்திரிகைக்கு அனுப்புமுன் அவளிடம் கொடுக்கப்போகிறேன்.

7

மேலே உள்ளதை எழுதி முடித்து நிறுத்தியிருந்தேன். இது நேற்று நடந்தது.

அவள் வந்து தொட்டிகளைத் தூக்கிப் பார்த்தாள். ஒன்றில் புது வேர் முனை பச்சையாக எட்டிப் பார்த்தது. பிழைத்துவிடும் என்றாள். நான் காகிதங்களை அவள் கையில் கொடுத்தேன். நானே படித்துக் காட்டட்டுமா என்று வாய் வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தாள். நடுவில் ஒரு பக்கத்துக்குத் திரும்பிப்போய் மறுபடி படித்தாள். நான் பாத்திரம் கழுவினேன், கழுவியதையே திரும்பக் கழுவினேன். முடித்ததும் காகிதங்களை ஒழுங்காக அடுக்கி மேஜையில் வைத்தாள்.

"மன்னார்குடி டவுன்னு சொன்னீங்க."

"பொய்ம்மா."

"ம்." அவள் என்னைப் பார்க்கவில்லை. "அழுக வரும்னு நெனச்சேன். வரல. அப்பாவுக்குத் தெரியணும்."

"அனுப்பி வைம்மா. நான் மன்னிப்பு..."

"அதெல்லாம் எங்கிட்ட வேணாம் சார். அப்பா வாத்தியாரா இருந்து ரிடையர் ஆனவரு, பட்டுக்கோட்டைல இருக்காரு. சக்கரைல கண்ணு ரெண்டும் போயிடுச்சு. யாராவது படிச்சுக் காட்டணும்."

"நீயே படிச்சுக் காட்டிடும்மா."

"இல்ல. நீங்க படிங்க. நான் பக்கத்துல உக்காந்து வரிவரியா பாத்துக்கறேன்."

போனைப் போட்டு மேஜையில் வைத்தாள். அங்கே பிற்பகல். மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது. "அப்பா, நம்ம ஊர்க்காரரு ஒருத்தர் ஒங்களுக்கு ஒண்ணு படிக்கணும்கறாரு. நான் கூடவே இருக்கேன்" என்றாள். "படிக்கச் சொல்லு" என்றது ஒரு நிதானமான குரல்.

வசந்தா போய் ஒரு வருஷம் ஆகிறது என்று ஆரம்பித்தேன். எழிலரசி தன் விரலை வரிக்குக் கீழே வைத்து என்னோடு நகர்த்திக்கொண்டே வந்தாள். நாலாம் பகுதியில் ஒரு வரியைத் தாண்டிப் போய்விட்டேன். கட்டைவிரலில் மை தடவிய வரி. வேண்டுமென்று தாண்டினேனா, கண் தவறியதா என்று சத்தியமாகத் தெரியவில்லை. அவள் விரல் அந்த வரியிலேயே நின்றது. திரும்பி வந்து படித்தேன்.

முடித்ததும் காகிதங்களை மேஜையில் வைத்தேன். அந்தப் பக்கம் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பா" என்றாள் எழிலரசி.

"இருக்கேன்மா." பிறகு என்னிடம் பேசினார். சார் என்றோ ஐயா என்றோ சொல்லவில்லை. "காயிதத்துல இருந்தது எங்களுக்கு எப்பவோ தெரியும். தாலுக்கா ஆபீஸ்ல போயி நகல் எடுத்துப் படிச்சேன். நீங்க வாயால சொன்னீங்கல்ல, ஒரு மனு, அது எங்கயும் இல்ல. அவ்ளோ நல்ல மனுவ நான் கேட்டதே இல்லடான்னு அப்பா சாகறவரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தாரு. அது ஞாபகம் இருக்கா?"

"இருக்குங்க" என்றேன். ஒவ்வொரு சொல்லும் ஞாபகம் இருந்தது.

"சொல்ல வேணாம். எழுதிக் குடுங்க."

எழிலரசி ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் நகர்த்தினாள். உயர்திரு பதிவு அதிகாரி அவர்களுக்கு என்று தொடங்கினேன். ஐந்து மா நஞ்சையைப் பன்னிரண்டு வருஷமாக என் சொந்த உழைப்பில் உழுது பயிரிட்டு வருகிறேன். வெள்ளத்திலும் வறட்சியிலும் ஒரு போகம்கூடத் தரிசு போட்டதில்லை. அந்த மண்ணைத் தவிர எனக்கும் என் மூன்று பிள்ளைகளுக்கும் வேறு ஆதாரம் கிடையாது. ஆகவே என் பெயரைக் குத்தகைதாரராகப் பதிவு செய்து உதவும்படி வேண்டிக்கொள்கிறேன். இப்படிக்கு, காத்தமுத்து.

நான் எழுதி முடிக்கும்வரை அந்தப் பக்கத்தில் அவர் காத்திருந்தார். தாளை எழிலரசியிடம் கொடுத்தேன். அவள் அதை ஒருமுறை மனதுக்குள் படித்துக்கொண்டு, பிறகு தன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினாள். எழுதியிருந்ததைத்தான் படித்தாள்.